நூல்கள் எரிவதற்கு முன்னரே: மன்னர் அல்பிரட்டின் வாழ்க்கை

மன்னர் அல்பிரட்டை நான் முதலில் அறிந்தது பாடசாலைக் காலத்து ஆங்கில வாசிப்புப் புத்தகம் ஒன்றில். போரில் எல்லாவற்றையும் இழந்து, ஆளடையாளம் தெரியாமல் ஒரு மாட்டுக்காரனின் குடிசையில் ஒதுங்கியிருக்கிறார். அடுப்பில் வேகும் ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்காரி வேறு வேலைக்குப் போகிறாள். அவர் யோசனையில் மூழ்கிவிட, ரொட்டி கருகிப்போகிறது. வந்திருப்பவர் மன்னர் என்று தெரியாத அந்தப் பெண் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். கதை அவ்வளவுதான். சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

பல வருடங்களுக்குப் பின் அவரைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான், அந்தக் கதை அவர் காலத்து ஆவணம் எதிலும் இல்லை என்பது தெரியவந்தது. அவர் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், நியோட் என்ற துறவியின் சரிதத்தை எழுதிய ஒருவர் அதைச் சேர்த்திருக்கிறார். 1574இல் அல்பிரட்டின் வாழ்க்கை வரலாற்றை அச்சிட்ட பேராயர் பார்க்கர் அதை அந்த நூலுக்குள்ளும் நுழைத்துவிட்டார். ரொட்டி கருகியது கதை. ஆனால் அந்த மன்னர் எல்லாம் இழந்து சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்தது உண்மை. அங்கிருந்து திரும்பி வந்தபின் அவர் செய்த காரியங்களும், அவற்றைவிட முக்கியமாக அவர் துணிந்து ஒப்புக்கொண்ட ஒரு விடயமும் பாடப் புத்தகத்தில் இருக்கவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மோனையில் பாடிய மக்கள்

அல்பிரட்டின் காலத்தில் இங்கிலாந்து என்ற ஒரே நாடு கிடையாது. 5ஆம் நூற்றாண்டில் உரோமர்களின் ஆட்சி பிரித்தானியாவை விட்டு நீங்கிய பின்னர், இன்றைய வட ஜேர்மனி, டென்மார்க் கரையோரங்களிலிருந்து ஆங்கிலர், சக்சன்கள் முதலிய மக்கள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். அவர்களைத்தான் ஆங்கிலோ சக்சன்கள் என்கிறோம். காலப்போக்கில் அவர்களுடைய இராச்சியங்களில் நான்கு பெரிதாக நிலைத்தன. வடக்கே நோர்தம்பிரியா, நடுவே மேர்சியா, கிழக்கே கிழக்கு ஆங்கிலியா, தெற்கே வெசெக்ஸ்.

அவர்கள் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்று அழைக்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் வீடு, தண்ணீர், தாய், தந்தை, நெருப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அந்த மொழியிலிருந்து வந்தவைதான். ஆனாலும் இன்று ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவர் அதைப் படிக்காமல் வாசித்துப் புரிந்துகொள்ள முடியாது. அவர்களுடைய கவிதையும் பின்னாளைய ஆங்கிலக் கவிதை போன்றதல்ல. வரிகளின் ஈறு ஒத்துவருவதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. ஒரே வரிக்குள் அழுத்தம் விழும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கவேண்டும். நாம் மோனை என்று சொல்வதற்குக் கிட்டிய ஒன்று. விருந்து மண்டபங்களில் யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவியோடு அந்தப் பாடல்கள் பாடப்பட்டன. பெரும்பாலானவை எழுதிவைக்கப்படாமலே மறைந்தன. எஞ்சிய பழைய ஆங்கிலக் கவிதைகளில் பெரும்பகுதியை இன்று நான்கே நான்கு கையெழுத்துப் பிரதிகள் தாங்கி நிற்கின்றன.

597இல் உரோமிலிருந்து வந்த துறவிகள் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தார்கள். அதோடு இலத்தீனும் நூல்களும் வந்தன. அடுத்த நூறு ஆண்டுகளில் நோர்தம்பிரியா ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கும் கல்வி நிலமாயிற்று. ஜாரோ மடாலயத்தில் இருந்த பீட் என்ற துறவி 731இல் தன் மக்களின் சமய வரலாற்றை இலத்தீனில் எழுதி முடித்தார். விற்பி மடாலயத்தில் மாடு பார்த்த கேட்மன் என்பவரின் கதையும் அதில் இருக்கிறது. விருந்தில் தன்னிடம் கருவி வரும் முறை நெருங்கியதும், பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து போய்விடுவாராம். ஒருநாள் கனவில் பாடும்படி ஏவப்பட்டு, படைப்பைப் பற்றித் தன் சொந்த மொழியில் பாடினார் என்று பீட் எழுதுகிறார். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அந்த மாட்டுக்காரர்தான்.

ஐந்தாவது மகன்

849ஆம் ஆண்டளவில் வெசெக்ஸ் மன்னர் எதெல்வுல்ப்புக்கு ஐந்தாவது மகனாக, வாண்டேஜ் என்ற இடத்தில் அல்பிரட் பிறந்தார். முன்னால் நான்கு அண்ணன்மார் இருக்கையில் அவர் அரியணை ஏறுவார் என்று எவரும் நினைத்திருக்க முடியாது.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அசர் என்ற வேல்ஸ் நாட்டுத் துறவி 893இல் எழுதியது. மன்னரோடு கூடவே இருந்து எழுதியவர் அவர். சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை அவர் சொல்கிறார். தாயார் ஒஸ்பர், ஆங்கிலப் பாடல்கள் கொண்ட ஒரு நூலைப் பிள்ளைகளிடம் காட்டி, யார் இதை முதலில் பாடமாக்குகிறீர்களோ அவருக்கே இது என்றாராம். முதல் எழுத்து வண்ணத்தில் அழகாக வரையப்பட்டிருந்தது. அதில் மயங்கிய கடைக்குட்டி, நூலை ஆசிரியரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்து தாயிடம் ஒப்புவித்து நூலைப் பெற்றுக்கொண்டார்.

இது கெட்டிக்காரப் பிள்ளையின் கதை போலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு குறை கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டே பாடமாக்கினார். பன்னிரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ அவர் எழுத்தறியாமலே இருந்தார் என்றும், பெற்றோரும் வளர்த்தவர்களும் அதில் அக்கறை காட்டவில்லை என்றும் அசர் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஒரு மன்னரின் மகனுக்கே நிலைமை அதுதான். வாசிக்கவேண்டிய வயதில் ஆசிரியர்கள் கிடைக்கவில்லை, ஆசிரியர்கள் கிடைத்த வயதில் நோயும் போரும் விடவில்லை என்று அவர் பின்னாளில் அடிக்கடி வருந்தியிருக்கிறார்.

ஒவ்வொன்றாக விழுந்த இராச்சியங்கள்

793இல் வடகடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் லிண்டிஸ்பார்ன் தீவு மடாலயத்தைச் சூறையாடினார்கள். அதன்பின் பல தசாப்தங்கள் அவர்கள் வந்தார்கள், கொள்ளையடித்தார்கள், திரும்பிப் போனார்கள். 865இல் வந்த பெரும்படை வேறுவிதமானது. அது திரும்பிப் போக வரவில்லை. 867க்குள் நோர்தம்பிரியாவின் யோர்க் நகர் அவர்கள் கையில். 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 874இல் மேர்சியாவின் மன்னர் நாட்டைவிட்டே வெளியேறி உரோமுக்குப் போய்விட்டார். மிச்சம் நின்றது வெசெக்ஸ் மட்டும்.

வெசெக்ஸ் மீது தாக்குதல் தொடங்கியது 871இல். அந்த ஒரே ஆண்டில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒன்பது பெரும் சண்டைகள் நடந்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. ஆஷ்டவுன் என்ற இடத்தில் மட்டும் தெளிவான வெற்றி. அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்குப் பின் மன்னராக இருந்த அண்ணன் எதெல்ரெட் இறந்தார். அவருடைய பிள்ளைகள் சிறுவர்கள். மற்ற அண்ணன்மார் ஏற்கெனவே போய்விட்டார்கள். இருபத்திரண்டு வயதளவில் அல்பிரட் மன்னரானார். ஒரு மாதம் கழிவதற்குள் வில்டனில் தோற்றார். பின்னர் எதிரியோடு சமாதானம் செய்தார். அந்தச் சமாதானம் பணம் கொடுத்து வாங்கப்பட்டது என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வாங்கிய காலம் ஐந்தாண்டுகள்தான் நீடித்தது.

878 ஜனவரி. நத்தார் விழாக்காலம் முடிந்த கையோடு, குளிர்காலத்தில் யாரும் எதிர்பாராத நேரத்தில், டேனியர் தலைவர் குத்ரம் சிப்பன்ஹாமைக் கைப்பற்றினார். வெசெக்ஸ் நிலைகுலைந்தது. ஆண்டுக்குறிப்பு அந்த நாட்களைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. மக்களில் பலர் கடல் கடந்து துரத்தப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் பணிந்துபோனார்கள். மன்னர் சிறு கூட்டத்தோடு காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் சிரமப்பட்டு அலைந்தார். கடல் கடந்தவர்கள் எத்தனை பேர், எங்கே கரையேறினார்கள், திரும்பினார்களா என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த வரிகளை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சமர்செட்டின் சதுப்பு நிலத்தில் அதெல்னி என்ற மேட்டு நிலம் இருக்கிறது. சுற்றிவர நீரும் நாணலுமாக இருந்த அந்த இடத்தில், உயிர்த்த ஞாயிறை அண்டிய நாட்களில் அல்பிரட் ஒரு சிறிய அரண் அமைத்தார். அங்கிருந்து கொரில்லாத் தாக்குதல்களை நடத்தினார். உணவுக்கும் அவர்கள் எதிரியிடமிருந்தும், எதிரிக்குப் பணிந்துபோன சொந்த மக்களிடமிருந்தும் பறிக்கவேண்டியிருந்தது என்று அசர் எழுதியிருக்கிறார். மன்னரைப் புகழ்வதற்காக எழுதியவர் இதை மறைக்காமல் விட்டது அந்த நூலின் நேர்மை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் ஏழாவது வாரம், குறித்த இடமொன்றுக்கு சமர்செட், வில்ட்ஷயர் மக்களும் ஹாம்ப்ஷயரின் ஒரு பகுதியினரும் வந்து சேர்ந்தார்கள். பணிந்துபோயிருந்தவர்களிலும் பலர் வந்திருக்கவேண்டும். இரண்டு நாட்களின் பின் எடிங்டனில் குத்ரமின் படை தோற்றது. எதிரியின் கோட்டையைப் பதினான்கு நாட்கள் முற்றுகையிட்டார். பசியும் குளிரும் தாங்காமல் குத்ரம் சரணடைந்தார்.

அடுத்து நடந்ததை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். சரணடைந்தவரை அல்பிரட் கொல்லவில்லை. மூன்று வாரங்களில் குத்ரம் தன் முக்கியமான முப்பது பேரோடு வந்து ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தையாக நின்றவர் அல்பிரட். பன்னிரண்டு நாட்கள் விருந்தினராக வைத்து, பரிசுகள் கொடுத்து அனுப்பினார். பின்னர் இருவரும் எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எல்லை எங்கே ஓடும் என்பதோடு, கொல்லப்பட்டவர் ஆங்கிலேயரானாலும் டேனியரானாலும், ஒத்த தரத்தவருக்கு ஒரே அளவு இழப்பீடு என்றும் அதில் எழுதப்பட்டது. எதிரியை முழுதாக அழிக்கும் பலம் அல்பிரட்டிடம் இருக்கவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். இருந்தும், ஓர் உயிரின் பெறுமதி இரு தரப்புக்கும் சமம் என்று ஒரு தாளில் எழுதுவதற்குப் பலவீனம் மட்டும் போதாது.

சுவர்கள்

அல்பிரட் அந்த வெற்றியை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. படையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி களத்தில் நிற்கும்போது மறுபாதி வீட்டில் நின்று வயலைப் பார்க்கும். முன்பெல்லாம் அறுவடைக் காலம் வந்தால் படை தானாகவே கரைந்துபோகும். அதற்கு அவர் கண்ட வழி இது. நாடெங்கும் அரண் சூழ்ந்த ஊர்களை அமைத்தார். சில பழைய உரோமர் காலத்துச் சுவர்கள், சில புதிதாக எழுப்பிய மண் அணைகள். அவர் மகன் காலத்துப் பட்டியல் ஒன்றில் இத்தகைய முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. சுவரின் நீளத்துக்கு ஏற்ப எத்தனை பேர் காவல் நிற்கவேண்டும் என்ற கணக்கும் கூடவே இருக்கிறது. 886இல் லண்டனைத் திரும்பக் குடியேற்றினார். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மேர்சியாவின் தலைவரிடமே ஒப்படைத்தார். தன் மகள் எதெல்பிளெட்டை அவருக்கு மணமுடித்தும் கொடுத்தார். 892இல் இன்னொரு பெரும்படை முந்நூறுக்கு மேற்பட்ட கப்பல்களில் வந்தபோது இந்த ஏற்பாடுகள் தாங்கி நின்றன. நான்காண்டு இழுபறியின் பின் அந்தப் படை கலைந்துபோனது.

எல்லாமே வாய்த்துவிடவில்லை. தன் எண்ணப்படி வைக்கிங் கப்பல்களிலும் பெரிய கப்பல்களைக் கட்டுவித்தார். முதற் சண்டையிலேயே அவை கரை தட்டி நின்றுவிட்டன. ஆண்டுக்குறிப்பு இதையும் எழுதி வைத்திருக்கிறது.

அவர் ஒப்புக்கொண்டது

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 890ஆம் ஆண்டளவில், பாப்பரசர் கிரகோரியார் ஆயர்களுக்கு எழுதிய வழிகாட்டி நூல் ஒன்றை அல்பிரட் இலத்தீனிலிருந்து தன் மொழிக்கு மாற்றினார். அதன் பிரதிகளை ஆயர்களுக்கு அனுப்பும்போது, முன்னுரையாக ஒரு கடிதத்தையும் சேர்த்தார். ஆங்கில உரைநடையின் தொடக்க கால ஆவணங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. அதை மேற்கோள் காட்டாமல் என் சொற்களில் சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் அறிவு தேடி வெளிநாட்டார் எங்கள் நாட்டுக்கு வந்தார்கள், இன்று நாங்கள் வெளியே போய்த் தேடவேண்டியிருக்கிறது என்று அவர் தொடங்குகிறார். தான் மன்னரானபோது, ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே இலத்தீன் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர் என்கிறார். தேம்ஸுக்குத் தெற்கே ஒருவரைக்கூடத் தன்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்கிறார்.

இதற்குக் காரணம் சொல்வது அவருக்கு எவ்வளவு எளிது! வந்தவர்கள் எரித்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது பொய்யும் அல்ல. மடாலயங்கள் எரிந்தன, நூல்கள் எரிந்தன, துறவிகள் கொல்லப்பட்டார்கள். கேட்கும் எவரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அவர் வேறொன்றை எழுதினார். எல்லாம் சூறையாடப்பட்டு எரிவதற்கு முன்னரே, தேவாலயங்கள் நூல்களால் நிறைந்திருந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். ஊழியர்களும் நிறையவே இருந்தார்கள். ஆனால் அந்த நூல்களால் அவர்களுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. அவை அவர்களுடைய மொழியில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவற்றைப் புரிந்துகொள்ளும் கல்வியும் அவர்களிடம் இருக்கவில்லை. முன்னோர் அறிவை நேசித்தார்கள், அவர்கள் சென்ற தடம் இன்னும் தெரிகிறது, அதைப் பின்தொடர எங்களுக்குத்தான் தெரியவில்லை என்று வருந்துகிறார்.

அதாவது, எதிரி வந்து எரித்தபோது எரிந்தவை ஏற்கெனவே எவராலும் வாசிக்கப்படாதிருந்த நூல்கள். எதிரி செய்த அழிவு ஒன்று, தாங்களே விட்டுவிட்டது இன்னொன்று என்று அவர் பிரித்துப் பார்த்தார். போரில் இழந்த ஒரு சமூகத்திடம், வென்று வந்த அதன் தலைவரே இதைச் சொல்வது சாதாரண விடயமல்ல. எங்கள் பக்கத்திலும் பிழை இருந்தது என்று சொன்னால் எதிரியின் பிழை குறைந்துவிடும் என்றொரு பயம் எல்லா இடத்திலும் உண்டு. அல்பிரட்டிடம் அந்தப் பயம் இருக்கவில்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினார். இரண்டாவதைத் திருத்துவது தங்கள் கையில் இருக்கிறது என்பதால் அதைப் பற்றியே கூடுதலாக எழுதினார்.

செய்தவை

அவர் கண்ட வழி இரண்டு. எல்லோரும் அறிந்திருக்கவேண்டிய நூல்களைத் தெரிந்தெடுத்து எல்லோருக்கும் புரியும் மொழிக்கு மாற்றுவது ஒன்று. வசதியுள்ள சுதந்திரக் குடிகளின் பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஆங்கிலத்தை வாசிக்கும்வரை கற்பது மற்றொன்று. மேலே படிக்க விரும்புவோர் அதன் பிறகு இலத்தீனுக்குப் போகலாம். தாய்மொழி வாசிப்பு முதலில், பிறமொழி அடுத்தது. கல்வி என்றாலே இலத்தீன் என்றிருந்த அன்றைய ஐரோப்பாவில் இது புதிய வரிசை.

தன்னிடம் அறிஞர்கள் இல்லை என்பதால் வெளியே தேடினார். மேர்சியாவிலிருந்து பிளெக்மண்ட், வேர்பெர்த் ஆகியோர், வேல்ஸிலிருந்து அசர், பிராங்கியர் நாட்டிலிருந்து கிரிம்பால்ட், சக்சனியிலிருந்து ஜோன் ஆகியோர் வந்தார்கள். முப்பத்தெட்டு வயதளவில், 887இல், மன்னர் தானே இலத்தீன் வாசிக்கத் தொடங்கினார். தன் வருமானத்தில் பாதியை அறத்துக்கென ஒதுக்கி, அதில் நான்கில் ஒரு பங்கைப் பாடசாலைக்குக் கொடுத்தார் என்று அசர் கணக்குச் சொல்கிறார். நேரத்தை அளக்க நான்கு மணி நேரம் எரியும் மெழுகுதிரிகளைச் செய்வித்தார். சுவர் இடுக்குகளால் வரும் காற்றில் அவை விரைவாக உருகியதால், மரத்தாலும் மெல்லச் சீவிய மாட்டுக்கொம்பாலும் விளக்குக்கூடு அமைத்தார்.

இந்த முயற்சியில் வந்த மொழிபெயர்ப்புகளில் எவை மன்னரே செய்தவை, எவை அவரைச் சூழ இருந்தவர்கள் செய்தவை என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் அவற்றின் போக்கு தெளிவானது. சில இடங்களில் சொல்லுக்குச் சொல், சில இடங்களில் கருத்துக்குக் கருத்து என்பதே தன் முறை என்று கடிதத்தில் அவரே சொல்கிறார். சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த பொயித்தியஸ் எழுதிய நூலை ஆங்கிலமாக்கியபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மூலத்தில், புகழ்பெற்ற உரோமர் பப்ரீசியஸின் எலும்புகள் இன்று எங்கே என்றொரு கேள்வி வருகிறது. வெசெக்ஸ் வாசகருக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்தப் பெயர் இலத்தீனில் கைவினைஞரைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது. எனவே மொழிபெயர்ப்பில் உரோமர் போய், தங்கள் பழங்கதைகளின் புகழ்பெற்ற கொல்லனான வெலண்ட் வந்தார். விருந்து மண்டபத்தில் பாடக் கேட்ட பெயர் இப்போது நூலுக்குள் வந்துவிட்டது. ஒரோசியஸ் எழுதிய உலக வரலாற்றில், வடதுருவப் பக்கம் பயணம் செய்த ஒத்தேர் என்ற நோர்வேக்காரர் மன்னரிடம் நேரில் சொன்ன செய்திகளையும் சேர்த்தார்கள். பீட்டின் வரலாறும் அக்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதோடு மாட்டுக்காரர் கேட்மனின் கதையும்.

ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைப் பதியும் ஆங்கிலோ சக்சன் ஆண்டுக்குறிப்பும் அவர் ஆட்சியின் பிற்பகுதியில்தான் தொகுக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பாவின் பிற நாடுகளில் பெரும்பாலும் இலத்தீனிலேயே இத்தகைய பதிவுகள் எழுதப்பட்ட நேரத்தில் இது மக்கள் மொழியில் எழுதப்பட்டது. பிரதிகள் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்தந்த இடத்தவர்கள் தங்கள் பங்குக்குத் தொடர்ந்து எழுதினார்கள்.

எழுதப்படாதவை

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. இந்தக் கதையின் பெரும்பகுதி அவருடைய அரண்மனையைச் சேர்ந்தவர்களால் எழுதப்பட்டது. குத்ரமின் ஆட்கள் தங்கள் கதையை எழுதி வைக்கவில்லை. எடிங்டனில் இறந்த குடியானவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர் நாட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய கல்வித் திட்டம் சுதந்திரக் குடிகளில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கானது. அடிமையின் பிள்ளை அதில் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, பேரரசுப் பெருமைக்காகவும் இனப் பெருமைக்காகவும் அவரைத் தூக்கிப் பிடித்தவர்களும் உண்டு. 1901இல் வின்செஸ்டரில் நிறுவிய உயர்ந்த சிலையில் அவர் வாளை உயர்த்தி நிற்கிறார். வேல்ஸ்காரரையும் பிராங்கியரையும் சக்சனியரையும் அழைத்துவந்து அவர்களிடம் பாடம் கேட்ட மனிதரை அந்தச் சிலையில் காண்பது கடினம்.

எஞ்சியவை

899 ஒக்டோபர் 26இல் அல்பிரட் இறந்தார். ஐம்பது வயதளவு. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு தீராத நோயோடு கழித்தவர். அவர் மகனும் மகள் எதெல்பிளெட்டும் டேனியரிடமிருந்து நிலங்களை மீட்டார்கள். பேரன் எதெல்ஸ்டன் காலத்தில்தான் முழு இங்கிலாந்துக்கும் ஒரு மன்னர் வந்தார்.

1066இல் நோர்மன்கள் வந்தார்கள். ஆட்சியிலும் அரண்மனையிலும் ஆங்கிலம் தன் இடத்தை இழந்தது. ஆனாலும் பீற்றர்பரோ மடாலயத்தில் யாரோ ஆண்டுக்குறிப்பைத் தொடர்ந்து அதே மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பதிவு 1154ஆம் ஆண்டுக்குரியது.

அவருடைய எலும்புகளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வின்செஸ்டரில் இரண்டு இடம் மாறி, 1110இல் ஹைட் மடாலயத்துக்குப் போயின. அந்த மடாலயம் 1538இல் மூடப்பட்டது. 1788இல் அந்த இடத்தில் சிறைச்சாலை கட்டியபோது கல்லறைகள் கிளறப்பட்டன. அசர் எழுதிய வரலாற்றின் ஒரேயொரு பழைய பிரதி 1731இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. முன்னரே அச்சிட்டிருந்ததாலும் படியெடுத்திருந்ததாலும் உள்ளடக்கம் தப்பியது. பழைய ஆங்கிலத்தின் பெரும் காவியமான பேவுல்ப்பின் ஒரே பிரதியும் அதே தீயில் ஓரம் கருகித் தப்பியது.

1693இல் அதெல்னியிலிருந்து சில மைல் தூரத்தில் மண்ணுக்குள்ளிருந்து பொன்னாலான ஒரு சிறு பொருள் கிடைத்தது. ஆறு சென்ரிமீற்றர் அளவே இருக்கும். தன்னைச் செய்வித்தவர் அல்பிரட் என்று அதன் ஓரத்தில் பொறித்திருக்கிறது. வாசிக்கும்போது வரியைச் சுட்டிக்காட்டும் கோலின் பிடி அது என்று பலர் கருதுகிறார்கள். ஆயர்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு நூலோடும் இப்படியொன்றை வைத்ததாக மன்னர் அந்தக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அது இன்று ஒக்ஸ்போர்ட்டில் அஷ்மோலியன் நூதனசாலையில் இருக்கிறது. அதே நகரின் பொட்லியன் நூலகத்தில், வூஸ்டர் ஆயருக்கு அனுப்பிய அந்த நூலும் கடிதத்தோடு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டி அது தப்பி வந்திருக்கிறது.

அல்பிரட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லவேண்டும் என்றால், ரொட்டி கருகிய கதையை விட்டுவிட்டு நான் வேறொன்றைச் சொல்வேன். அசரின் நூல் அதோடுதான் முடிகிறது. பிழையான தீர்ப்புக் கொடுத்த நீதிபதிகளை மன்னர் அழைத்து, வாசிக்கப் பழகுங்கள், இல்லாவிட்டால் பதவியை விடுங்கள் என்றாராம். வாழ்நாள் முழுதும் எழுத்தறியாமல் இருந்த பெரிய மனிதர்கள் பதறிப்போய்ப் படிக்கத் தொடங்கினார்கள். வயதாகிவிட்டதால் எழுத்து ஏறாதவர்கள், தங்கள் மகனையோ உறவினரையோ, அவர்கள் இல்லாவிட்டால் அடிமையையோ பக்கத்தில் இருத்தி, நேரம் கிடைத்தபோதெல்லாம் இரவிலும் பகலிலும் ஆங்கில நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இளமையில் தங்களுக்கு இது கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.